விதிவிலக்குகள், ஐந்து மதிப்பெண்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுச் சுவருக்கு
அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி.
அதனால்தான் அரியர் எழுதுகிற நான்
வகுப்பு முடிந்தும் கிளம்புவதில்லை.
கலைப்புலக் கட்டடம், முதல் மாடி, அறை பதினேழு.
ஒரு ஃபேன் சுற்றும்,
இன்னொன்று சுற்றப் போவதுபோல் நிற்கும்.
மூன்றாம் பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால்
ஷர்மிளா என்று செதுக்கத் தொடங்கி
ஷர்மியோடு விட்டிருக்கிறார்கள்.

ஐந்தேகால் இருக்கும்.
குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி.
முதல் மாம்பழம் அமிர்தம். இரண்டாவது ருசி.
மூன்றாவது பரவாயில்லை. ஐந்தாவது வேண்டாம்.
ஆறாவதற்குக் கோடு
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.
பாடநூலில் ஆரஞ்சுதான்.
சேலத்துக்காரி, நான் மாற்றிக்கொண்டேன்.
ஐந்தாவதை வேண்டாம் என்ற ஆளை
இன்னும் பார்த்ததில்லை, அது வேறு.

அப்போதுதான் மேலே யாரோ
கிளாரினெட் வாசித்தார்கள்.

வாசித்தார்கள் என்பது மரியாதைக்கு.
முதலில் வெறும் காற்று. பிறகு வாத்துபோல் ஒன்று.
பிறகு நாலு சுரம்,
ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி
ஐந்தாவதில் திரும்ப முடியாமல் நின்று
பின்னுக்கு வந்து
மறுபடி.

மேலே இருப்பது வரலாற்றுத் துறை ஸ்டோர்ரூம்,
உடைந்த நாற்காலியும் சுருட்டிய மேப்பும்தான்
என்றாள் பர்வீன், போனில்.
மேப் வாசிக்காது என்றேன்.
படிக்கிறியா இல்லியா என்றாள்.

தறிச் சத்தத்தில் வளர்ந்த காது எனக்கு.
ஒரே அடி ஓயாமல் விழுந்தால்
அதற்குள்ளேயே தூங்கத் தெரியும்,
அதற்கு மேலே சண்டை போடவும் தெரியும்.
இது அப்படி இல்லை.
வழுக்கும் இடம் ஒன்றுதான்,
வழுக்கும் விதம் வேறு வேறு.
ஒருமுறை கோபமாக. ஒருமுறை கொட்டாவியாக.
ஒருமுறை, சத்தியமாக,
கீழே ஒருத்தி கேட்கிறாள் என்று தெரிந்த வெட்கத்தோடு.

நோட்டின் ஓரத்தில் எண்ணினேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஒரு கட்டு,
புள்ளியியலில் சொல்லிக்கொடுத்தபடி.
எட்டுக் கட்டும் உதிரியாக மூன்றும்.
நாற்பத்து மூன்றாவது அலகிலும்
என் பயன்பாடு குறையவில்லை.
வளைகோடு மேலேயே போயிற்று,
பக்கத்தைத் தாண்டி, பெஞ்சில் ஏறி,
பாதியில் நின்ற ஷர்மியைத் தொட்டது.

ஆறரைக்கு மாதையன் பூட்ட வருவார்,
சாவிக்கொத்தை வழியெல்லாம் குலுக்கிக்கொண்டு,
கெளம்பு கெளம்பு, கரண்டு பில்லு நீயா கட்டறே என்று.
அன்று படிக்கட்டு வரை கேட்டது குலுக்கல்.
பிறகு இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
கொத்தை இரண்டு கையாலும் பொத்தியபடி
அண்ணாந்து நின்றிருந்தார்.
நாலு சுரம் ஏறியது.
ஐந்தாவது

திரும்பிவிட்டது.

அப்புறம் சத்தமே இல்லை.
வாசித்தவருக்கே நம்பிக்கை வரவில்லைபோல.
மாதையன் தொண்டையைச் செருமி, சாவியைக் குலுக்கினார்.
யார் இறங்கி வருகிறார்கள் என்று
தட்டுவடை செட்டுக் கடையில் நின்று பார்க்கத்தான் நினைத்தேன்.
எண்ணெய்க் காகிதத்தைக் கையில் வாங்கும்போது
அம்மாபேட்டை பஸ் வந்துவிட்டது.

தேர்வில் அதே விதி.
வரைபடம் போட்டேன், அச்சுகளுக்குப் பெயரிட்டேன்,
கோட்டை இறக்கவேண்டிய இடத்தில் இறக்கினேன்,
மனசில்லாமல்.
அடுத்த கேள்வி: விதிவிலக்குகளை எழுதுக.
குடிகாரர். கஞ்சர். பழைய நாணயம் சேர்ப்பவர்.
அதற்கப்புறம் புத்தகத்தில் இன்னொன்று உண்டு.
போன வருஷமும் இதே இடத்தில்தான் வழுக்கினேன்.
பேனா மூடியைக் கடித்தபடி
கூரையைப் பார்த்தேன்.

இசை.

விளக்குக என்று கேட்கவில்லை.
ஒன்றரைப் பக்கம் விளக்கினேன்.